வெள்ளையடித்த கல்லுக்கு அந்தப் பக்கம்

மகனுக்கு,

இதற்கு முன்னால் "அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்று வேறு தாள் எடுக்கவில்லை. தாள் என்று சொல்வது நீ அனுப்பிய தோட்டத்துப் பிளானைத்தான். நேற்றுத் தபாலில் வந்தது. பிரித்ததும் அந்த நீலக்கோட்டுப் படத்தின் அமோனியா நெடி கூடம் முழுக்க அடித்தது. நடுவில் வட்டமாகக் கொரியன் புல், நான்கு மூலைக்கு நான்கு நெட்டிலிங்கம், கேட்டிலிருந்து கிணறு வரை சிமெண்ட் நடைபாதை, ஓரமெல்லாம் குரோட்டன்ஸ் தொட்டி. எடுக்க வேண்டிய செடிகளின் மேல் சிவப்பு மசியில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். பதினேழு எண்ணினேன். கூடவே இரண்டு வரி: "சனிக்கிழமை ஆட்களோடு வருகிறேன். கல்யாணத்துக்கு முன் முடித்துவிடலாம். நீ ஒன்றும் சிரமப்பட வேண்டாம்." இந்தப் பிளானின் பின்பக்கம் நல்ல வெள்ளையாக, பெரிதாக இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதில் அடங்கும். உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "யாருக்கு இவ்ளோ நேரமா எழுதற?" என்று கேட்டார். "உங்க புள்ளைக்கு" என்றேன். "பிளான் நல்லா இருக்குன்னு எழுதிடு, பாவம், லீவு போட்டு வரான்" என்றார். எழுதிவிட்டேன், அவர் சொன்னதாக.

போன மாதம் பெண் வீட்டார் வந்த அன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அன்று நான் வாய் திறக்கவில்லை. காபி குடித்து முடித்து எல்லோரும் பின்பக்கம் போனீர்கள். நான் சமையல்கட்டு வாசற்படியில் நின்றேன். உன் வருங்கால மாமியார் குடையை நீட்டி, "இன்னாங்க சம்பந்தி, பின்னால காடு மாதிரி வெச்சிருக்கீங்க? பூச்சி பொட்டு வராதா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. புதிதாக வந்தவர், கண்ணில் பட்டதைக் கேட்டார். பதில் சொல்ல நான் எச்சில் விழுங்குவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அம்மாவுக்கு உடம்பு முடியலைங்க. அதான் கவனிக்காம விட்டுட்டாங்க. ஆள் விட்டு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடறோம்." உடனே அந்த அம்மாவின் முகம் இளகி, என் கையைப் பிடித்து, "சுகரா? பிரஷரா? எங்க ஊர்ல நல்ல டாக்டர் இருக்காரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. தினம் முப்பது குடம் தண்ணீர் சேந்துகிறேன். ஒரு வாய்க்குள் இத்தனை பெரிய பொய்யை வைத்துக்கொண்டு நீ கேசரி தின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் மட்டும் கல் வரிசைக்கு இந்தப் பக்கமே நின்றாள், தாண்டவில்லை. "அத்தை, இந்தக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான்தாம்மா" என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அது. நீ காதில் வாங்கவில்லை.

எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதை நீ சௌகரியமாகவே பயன்படுத்தி வளர்ந்தாய். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் கொல்லைமேட்டு வீடுகளில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். வேலூரில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படித்தேன். பட்டம் வாங்கிவிட்டு ஊருக்கு வந்தபோது எங்கள் நைனா ஊர் முழுக்க வேர்க்கடலை அவித்துக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரியாது. டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. நாற்பது பெண்கள் என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்தே போகாமல் இருந்துவிட்டேன். வீட்டில் "கல்யாணம் ஆயிடுச்சு, அதான் போகல" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். நான் செய்த தப்புகளில் முதலாவது அது. அதற்கும் உன் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை. படித்த படிப்பெல்லாம் இந்தப் பன்னிரண்டு சென்ட் மனைக்குத்தான் போனது. அதனால்தான் இதை நீ "கவனிக்காமல் விட்டது" என்று சொன்னபோது எனக்கு அப்படி எரிந்தது.

செங்கம் ரோட்டுப் பக்கம் இந்த மனையை வாங்கியபோது உனக்கு ஒரு வயது. கல்லும் சரளையும். பின்னால் மலை, அன்றைக்கு அது மொட்டை மலை. கோடையில் புல் பற்றிக்கொண்டால் தீ கோடு மாதிரி இறங்கும். அந்த இடத்தில் நான் முதல் வருஷம் ஒரு செடிகூட வைக்கவில்லை. சும்மா பார்த்தேன். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, நாம் கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் கக்கூஸுக்கும் எந்த வழியாக நடக்கிறோம், நாலு மணிக்கு வீட்டு நிழல் எதுவரைக்கும் விழுகிறது என்று பார்த்தேன். பார்த்ததையெல்லாம் கோலமாவால் தரையில் கோடு போட்டு வைத்தேன். காற்று அடித்தால் மறுபடி போட்டேன். உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பி.எஸ்சி. படிச்சவ, தரிசுக்குக் கோலம் போடறா பாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லட்டும். அந்தக் கோடுகள்தான் இன்றைக்கும் நம் நடைபாதை. நீ பிளானில் போட்டிருக்கிற நேர்கோட்டுப் பாதையில் இந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் நடந்ததில்லை. போட்டுப் பார், சிமெண்ட் ஒரு பக்கம் கிடக்கும், ஜனங்கள் ஒரு பக்கம் நடப்பார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் கத்தரி, மிளகாய், வெண்டை, கறிவேப்பிலை, துவைக்கிற தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் வாழை. அங்கே ஒரு புல் முளைத்தாலும் பிடுங்குவேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், மலைத் தண்ணீர் இறங்கி வருகிற மேட்டில், தானாக வந்ததை விட்டேன். ஆவாரை வந்தது, தும்பை வந்தது, பிரண்டை ஏறியது, காரை முள் வந்தது, ஒரு வேம்பும் வந்தது. அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். வருஷத்தில் ஒரு நாள், போகி அன்று மட்டும், அந்தப் பக்கம் கத்தி எடுப்பேன். எது எதை அமுக்குகிறதோ அதைக் கழிப்பேன், காய்ந்ததை எடுப்பேன். மற்ற நாளெல்லாம் கண் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும், கை போகாது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஹெட்கிளார்க் சுவரில் எட்டிப் பார்த்து, "ஏம்மா, படிச்ச பொண்ணு, இப்படிப் புதரா வெச்சிருக்கியே" என்று மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார். யோசித்தேன். கிணறு வெட்டியபோது வந்த கல்லையெல்லாம் கோட்டின் மேல் வரிசையாக வைத்து, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மீந்த சுண்ணாம்பை அதற்கும் அடித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, ஒரு இலை கிள்ளவில்லை. மறுநாள் அதே மனுஷன் எட்டிப் பார்த்து, "இப்பதாம்மா தோட்டம் மாதிரி இருக்கு!" என்றார். ஒருத்தி இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறாள் என்று அந்தக் கல் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் காடும் தோட்டமாகிவிட்டது. எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இருபது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கல்லுக்கு வெள்ளையடிக்கிறேன். உடம்பு முடியாதவள் செய்கிற வேலை இது.

சுத்தம் பண்ணுகிறேன் என்று வந்தவன் நீ முதல் ஆள் இல்லை. உன் தங்கச்சி வயிற்றில் இருந்தபோது நான் வைகாசியில் பிறந்த வீட்டுக்குப் போனேன். நீ பள்ளிக்கூடம் போகிறாய் என்று அப்பாவோடு இங்கேயே இருந்தாய். எங்கள் நைனா வேர்க்கடலைக் காட்டுக்காரர். காட்டில் களை நின்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரன் குடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மகள் பிள்ளை பெற வந்த நேரத்தில் அவள் மனை இப்படிக் கிடக்கிறதே என்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு பெண்ணாட்களோடு பஸ் ஏறி வந்து, கல்லைப் பொறுக்கி ஓரமாகக் குவித்து, வேம்பைத் தவிர எல்லாவற்றையும் வேரோடு கொத்தி எடுத்து, ஆடியில் கடலையும் போட்டுவிட்டார். உனக்கு ஒரு சின்னக் களைக்கொத்து அடித்து வாங்கிக் கொடுத்தார். ஐப்பசியில் நான் கைக்குழந்தையோடு வந்து இறங்கினேன். அதற்கு முந்தின வாரம்தான் கடலை பிடுங்கியிருந்தார்கள். நைனா இடுப்பில் கை வைத்து நின்று, "பாரும்மா, தலை வாரி விட்ட மாதிரி இருக்குது. உனக்கு வேலையே இல்ல" என்றார். நீ களைக்கொத்தைத் தூக்கிக் காட்டி, "நானும் சுத்தம் பண்ணேம்மா" என்றாய். தாத்தாவும் பேரனும் அப்படி ஒரு சந்தோஷத்தில் நின்றீர்கள்.

"பரவாயில்ல நைனா, நல்லா இருக்குது" என்றேன். ஆறு வருஷம் பார்த்துப் பார்த்து விட்டதெல்லாம் போன இடத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். நாலாம் நாள் மழை. கடலை பிடுங்கிப் பொலபொலவென்று கிடந்த மண் அப்படியே இறங்கிக் கிணற்றுக்குள் போயிற்று. ஒரு மாதம் தண்ணீர் செங்காவி நிறம். உன் தங்கச்சியின் துணியெல்லாம் பழுப்பாயிற்று. அப்போதும் நைனாவிடம் சொல்லவில்லை. அவர் சாகிற வரைக்கும், "என் பொண்ணு வூட்டுத் தோட்டம் நான் போட்டதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், வந்தபோதெல்லாம் எதையாவது பிடுங்கிவிட்டுத்தான் போனார். நான் அந்த ஒரு "பரவாயில்ல"யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு நாள் முகம் தூக்கியிருப்பார், அப்புறம் கேட்டிருப்பார். பாசத்தோடு வந்து பிடுங்கினவரிடம் நான் பேசாமல் இருந்ததில் ஒரு நியாயமாவது உண்டு. நீ பாசத்தோடு வரவில்லை. வெட்கத்தோடு வருகிறாய்.

அந்தக் கோபத்தை நான் எங்கே கொட்டினேன் தெரியுமா? உன் மேல். இதை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கப்புறம் நீ மார்க் குறைவாக வாங்கினால், தங்கச்சியைக் கிள்ளினால், பாலைக் கொட்டினால், தண்டனை ஒன்றுதான். "போ, கத்தரிப் பாத்தியில களை எடு." உன் கையில் அதே களைக்கொத்து. உன் தாத்தாவிடம் சொல்ல முடியாததை உன்னைக் குனிய வைத்துச் சொன்னேன். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளையை இப்படிச் செய்தால், கேட்காமல் முளைப்பதெல்லாம் யாரோ செய்த குற்றம் என்றுதானே அவன் நினைப்பான்? இன்றைக்கு நீ போட்ட பதினேழு பெருக்கல் குறிகளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்காக உன்னை விட்டுவிடப் போவதில்லை.

உனக்குப் பத்து வயதில், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. காலையில் களை எடுக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வந்து பார்த்தால் பாத்தி அப்படியே கிடக்கிறது, நீ ரோட்டோரம் கோலி ஆடிவிட்டு வந்து முழங்கால் புழுதியோடு படுத்திருக்கிறாய். கேட்டால், "வயித்து வலிம்மா, எழுந்திருக்கவே முடியல." அன்றைக்கும் பொய்க்கு உடம்பைத்தான் பிடித்தாய், ஆனால் அது உன் உடம்பு. கொசுவுக்குப் புகை போட அன்று காலைதான் ஏரிக்கரையிலிருந்து நொச்சி ஒடித்து வந்திருந்தேன். அதில் ஒன்றை உருவி இலையைக் கழித்து உன் கெண்டைக்காலில் வைத்தேன். மூன்று அடி. மூன்றும் தடித்தது. நீ அழவில்லை. "நீதானே அந்தப் பக்கம் களையை வளக்கற? அதை எடுக்கறதுக்கு என்னை அடிக்கற" என்று கேட்டாய். நான் குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ நொண்டிக்கொண்டே அந்தக் குச்சியை எடுத்தாய். ஒடிப்பாய் என்று நினைத்தேன், ஒடிக்கவில்லை. ஒடித்தால் கேட்பேன் என்று பயந்திருப்பாய். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கல்லைத் தாண்டிப் போய், மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்த ஆவாரைக்கு நடுவில் நேராக மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு வந்தாய். நூறு குச்சிக்கு நடுவில் அது ஒரு குச்சி, அம்மா கண்டுபிடிக்கமாட்டாள் என்று கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றே போய்ப் பிடுங்கியிருக்கலாம். கை அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது நான் வைத்த சட்டம்தானே, போகவில்லை. மழை விடாமல் பெய்தது. தீபாவளிக்குள் அந்தக் குச்சியில் கணுவுக்குக் கணு பச்சை விட்டது. நான் உன்னை அப்புறம் அடிக்கவே இல்லை, நீ கவனித்தாயோ என்னவோ. நீ அந்தக் குச்சியை மறந்துவிட்டாய். கிணற்றடிப் பக்கம் இன்றைக்குக் கூரை உயரம் நிற்கிற நொச்சி அதுதான். ஊதாப் பூ விட்டால் தேனீ விடாது. உனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் அதில்தான் ஆவி பிடித்தாய். உன் மாமியார் குடையால் காட்டி, "இந்தப் புதரை எடுத்தாலே பாதி வெளிச்சம் வரும்" என்று சொன்னது அதைத்தான். உன் பிளானில் முதல் பெருக்கல் குறியும் அதன் மேல்தான்.

பாம்பு வருகிறது என்று நீ சொல்வாய். இருபது வருஷத்தில் இரண்டு தடவை வந்தது, இரண்டும் நீ மிச்சம் என்று அடுக்கி வைத்த செங்கல்லுக்குள். அந்தச் செங்கல்லை எடுத்துப் போட இரண்டு லீவுக்குச் சொல்லிப் பார்த்தேன், நேரமில்லை என்றாய். சித்திரையில் நம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் இருக்கும் என்று தெரிந்தும் கொரியன் புல் போடுகிறாய், உன்னை இன்ஜினியர் என்கிறார்கள். அந்தப் புல்லுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? உடம்பு முடியாத நான்தானே?

கல்யாணம் ஆகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். இதுதான் நான் சொல்கிற புத்தி. உன்னோடு வாழ வருகிறவளிடத்தில் நீ எதிர்பாராதது ஏதாவது முளைத்திருக்கும். வந்த மாதமே களைக்கொத்தை எடுக்காதே. ஒரு வருஷம் சும்மா பார். அவள் எந்த வழியாக நடக்கிறாள், எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கோடு போடு, அதையும் அவளைக் கேட்டுப் போடு. நாலு பேர் முன்னால் அவளைப் பற்றி, "அவளுக்கு உடம்பு முடியல" என்று ஒரு நாள் சொன்னாயானால், இந்தக் கடிதத்தை அவளிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவளும் "பரவாயில்ல" என்று பழகிவிடக் கூடாது. உன் அப்பாவோடு இருபத்தாறு வருஷம் நான் பழகிவிட்டேன், போதும்.

இனி சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களோடு வந்தால் கேட் உள்பக்கம் பூட்டியிருக்கும். மணி அடிக்கலாம், தெருவே பார்க்கும்படி கத்தலாம், உன் அப்பாவைக் கூப்பிடலாம். சாவி என் முந்தானையில் இருக்கும், நான் கல் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தனியாக வந்தால் திறப்பேன். உன் களைக்கொத்து பரணில் அப்படியே இருக்கிறது. பெண் வீட்டார் வந்துபோனதிலிருந்து நான் கை வைக்காத கத்தரிப் பாத்தியில் நிஜமாகவே களை மண்டிக் கிடக்கிறது, அந்த ஒழுங்கு உனக்குப் பிடிக்குமே, அதை எடு. நொச்சியை வெட்டியே தீர வேண்டும் என்றால் போகி வரை பொறு, அன்றைக்கு நான் கத்தியைத் தருகிறேன். ஆள் வைத்து வெட்டக்கூடாது. அதை நட்டவன் நீ, நீயே கல்லைத் தாண்டிப் போய், நீயே குனிந்து, நீயே வெட்ட வேண்டும். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

இன்னொன்று. உன் மாமியாருக்கும் இதே தபாலில் ஒரு கவர் போகிறது. அவர் மேல் கோபமில்லை, கேட்டதற்கு அன்று பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பின்னால் பார்த்தது கவனிக்காமல் விட்ட இடம் இல்லை, நான் படித்த படிப்பு என்றும் எழுதியிருக்கிறேன். டாக்டர் அட்ரஸ் வேண்டாம், ஆவி பிடிக்க நொச்சி இலை வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று முடித்திருக்கிறேன். அவர் உன்னிடம் கேட்பார். அப்போது என்ன சொல்வது என்று நீ இப்போதே யோசித்துக்கொள்.

பிளானைத் திருப்பி மடித்து அனுப்புகிறேன். என் எழுத்து வெளிப்பக்கம், உன் புல்தரை உள்பக்கம். தோட்டத்தைத் திருத்தலாமா என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நான் வழக்கம்போலத் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். ஆகையால் கேட்காத கேள்விக்கு என் பதிலை எழுத்திலேயே தருகிறேன். வாயால் சொல்லிப் பழக எனக்குச் சனிக்கிழமை வரை நாள் இருக்கிறது.

முடியாது.

இப்படிக்கு,
உடம்பு நன்றாக இருக்கிற உன் அம்மா